காயமே படாத பரமலிங்கம்

புதிதாகப் பிசியோ வேலைக்கு வந்திருக்கிற உங்களில் முக்கால்வாசிப் பேர் என்னைக் கண்டதும் கேட்பது ஒரே கேள்விதான். "அன்ரி, சில விளையாட்டுக்காரர் நாப்பது வயது வரைக்கும் ஒரு காயமும் இல்லாமல் விளையாடுகினம். அவையள் அப்பிடி என்னதான் செய்யினம்?" கேட்கும்போதே போனைத் தூக்கிக் குறிப்பெடுக்க ஆயத்தமாகிவிடுவீர்கள். ஐஸ் தண்ணீர்த் தொட்டி, விடியப்புற யோகாசனம், என்னவோ ஒரு விதையை அரைத்துக் குடிக்கிறது, இப்படி ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்ப்பு. ஒன்றும் இல்லை என்று சொன்னால் உங்கள் முகம் சுருங்குகிற விதத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

உண்மையைச் சொல்கிறேன். நெடுங்காலம் விளையாடியவர்களின் தோளையும் முழங்காலையும் அமுக்கி அமுக்கியே தலை நரைத்தவள் நான். நோகாத உடம்பு என்று ஒன்றை இன்றுவரை தொட்டதில்லை. காயமே படாதவர் என்று பேப்பர்களில் பெரிதாக எழுதுவார்களே, அவர்கள் என் சிகிச்சைக் கட்டிலில் ஏறிப் படுத்தால் மற்றவர்களைப் போலத்தான் "ஆ, ஊ" என்று கத்துவார்கள். அப்படிப்பட்ட ஒருவனைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். போனைக் கீழே வையுங்கள்.

நான் ஓய்வுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த கோடை அது. அமெரிக்காவிலிருந்து இரண்டு பேஸ்பால் அணிகள் லண்டனுக்கு வந்து, ஒரு பெரிய மைதானத்தில் தங்களுக்குள் ஆடிவிட்டுப் போவதாக ஏற்பாடு. கூட வந்த மருத்துவக் கூட்டத்துக்குக் கையுதவியாக உள்ளூர் பிசியோ சிலரைத் தேடினார்கள். ஒரு கிழமை வேலை, ஹோட்டல் சாப்பாடு, தெரியாத விளையாட்டு. இதை விட்டால் வேறென்ன வேண்டும்? கையைத் தூக்கிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கிரிக்கெட்டைத் தவிர மற்றதெல்லாம் பிள்ளை விளையாட்டு என்ற கட்சி. மோர்டனில் எங்கள் வீட்டு வாசலில் காரை எடுக்கும்போதே தொடங்கிவிட்டார்.

"உது எங்கட மகள் பள்ளிக்கூடத்தில விளையாடின ரவுண்டர்ஸ் எல்லோ? அதுக்கே பிளேன் பிடிச்சு வாறாங்கள்?"

"ஒரு வருசத்துக்கு அவங்களுக்குக் குடுக்கிற சம்பளத்தைக் கேட்டா நீங்களும் ரவுண்டர்ஸ் விளையாடப் போவியள். காரைப் பாத்து ஓட்டுங்கோ" என்றேன்.

ஹோட்டலில் கல்யாண விருந்து நடக்கிற மண்டபத்தை எங்களுக்குச் சிகிச்சை அறையாக்கித் தந்திருந்தார்கள். முதல் நாள் காலை என் கட்டிலுக்கு வந்தவன் கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைகிற உயரம். எங்கள் நிறம். திரும்பி நின்று உடுப்பைக் கழற்றப்போனபோது அதன் முதுகில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தேன். 'பரமலிங்கம்' என்று ஆங்கிலத்தில், ஒரு அக்குளில் தொடங்கி மற்ற அக்குளில் முடிந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. என்னுடைய வாய் சும்மா இருக்குமா?

"தம்பி, ஊரிலை எவ்விடம்?"

"அன்ரி, நான் டொரண்டோவில பிறந்தனான்."

"அது சரி. ஊரிலை எவ்விடம்?"

விழுந்து விழுந்து சிரித்தான். பெயர் குகன். தாய் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு ஓடிப்போய்க் குடியேறியவர்கள். இவன் அங்கே பக்கத்து வீட்டுப் பையன்களோடு பேஸ்பால் எறியத் தொடங்கி, எறிந்துகொண்டே போய் அமெரிக்க அணிக்குள் புகுந்துவிட்டவன். நாற்பது வயதுக்குக் கிட்ட. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், அணி மயிரிழையில் முன்னுக்கு நிற்கும்போது உள்ளே வந்து பந்தெறிந்து வெற்றியைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் அவன் வேலை.

அந்த வேகத்தில் பந்தை எறிவதற்கு மனிதரின் முழங்கை செய்யப்படவில்லை. இதை நீங்கள் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். அந்த அணியில் இருந்த இளம் எறிகாரர்களில் எத்தனையோ பேருக்கு முழங்கையின் உட்புறத்தில் வெட்டித் தைத்த தழும்பு இருந்தது. இவன் கையில் ஒரு கீறல் கிடையாது. விளையாட வந்த நாளிலிருந்து, காயப்பட்டோர் பட்டியலில் அவன் பெயர் ஒரு நாள்கூட ஏறியதில்லை. அது அவனுடைய பெருமை. அறைக்குள் எல்லாரும் அவனை அதைச் சொல்லித்தான் அறிமுகப்படுத்தினார்கள், என்னவோ பட்டம் மாதிரி.

நானும் உங்களைப் போலத்தான், அவன் என்ன செய்கிறான் என்று கவனித்தேன். விசேஷமாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வழக்கம் இருந்தது. தினமும் காலையில் எறிகாரர்களின் கோச், சூயிங்கத்தை மென்றுகொண்டே ஒவ்வொருவரிடமும் வந்து "இன்று எத்தனை?" என்று கேட்பார். பத்துக்கு எத்தனை என்று கை எப்படி இருக்கிறது என்பதை அவரவர் சொல்ல வேண்டும். இளசுகள் எல்லாம் ஒன்பது, பத்து, சிலது பதினொன்று என்றும் சொல்லும். இவன் மட்டும் கையை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு "ஆறு" என்பான். மறுநாள் "ஏழு". கோச் தலையாட்டிவிட்டு, அதற்கேற்றபடி அன்றைய வேலையைக் குறைப்பார். பத்து என்று அவன் ஒருநாளும் சொன்னதே இல்லையாம்.

"வெக்கமா இல்லையோ, இந்தப் பொடியள் பத்துச் சொல்லேக்க நீ ஆறு எண்டு சொல்ல?" என்று சீண்டினேன்.

"ஆறு எண்டா ஆறுதானே அன்ரி. பொய் சொன்னா கைக்குத் தெரியும்" என்றான்.

அந்தக் கணமே பையனை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. மறுநாள் வீட்டிலிருந்து புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போனேன். ஹோட்டல் படிக்கட்டில் இருந்து, வாழைப்பழத்தைப் பிசைந்து, வலக்கை விரலெல்லாம் பூச அவன் சாப்பிட்ட அழகைப் பார்த்து அமெரிக்கர் இரண்டு பேர் படம் எடுத்தார்கள்.

இனித்தான் விஷயம் தொடங்குகிறது.

ஆட்டத்துக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு. குகனின் சின்னம்மா லண்டனிலேயே செவன் கிங்ஸ் பகுதியில் இருக்கிறா. அன்று பின்னேரம் அவ வீட்டில் விருந்து, என்னையும் கட்டாயம் வரச் சொல்லிவிட்டா. போனால் வீடு நிறையச் சனம். சிவப்புச் சீலை கட்டிக்கொண்டு குகனின் தாய் ஒரு மூலையில் இருந்தா. மகன் லண்டனில் விளையாடுகிறான், தங்கச்சியும் இங்கே இருக்கிறாள் என்று கனடாவிலிருந்து வந்திருந்தா. அதிகம் கதைக்காத மனுசி. சின்னம்மா அவவுக்கும் சேர்த்துக் கதைத்தா.

மேசையில் புட்டு வந்தது. குகன் இடக்கையால் ஒரு கரண்டியை எடுத்தான்.

"என்னடா இது, இடக்கையாலையோ சாப்பிடுறாய்?" என்று சின்னம்மா பதறிப்போனா.

"பழகிப்போச்சு சின்னம்மா, அங்கை எல்லாம் இப்பிடித்தான்."

"கனடாப் பிள்ளை எல்லோ" என்று யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என்னோடு ஒரே அறையில் நெடுநாள் வேலை பார்த்த மலேசியத் தமிழர் ஒருவர் அடிக்கடி சொல்லுவார்: "எங்க வலிக்குதுன்னு கேக்காதீங்க. நேத்து செஞ்சதுல இன்னைக்கு எதைச் செய்யலன்னு பாருங்க." படிக்கட்டில் இருந்து அப்படிப் புட்டைப் பிசைந்தவனுக்கு ஒரே நாளில் கரண்டி எப்படிப் பழகிப்போகும்? விரலால் அமுக்கிப் பிசையும்போது இழுபடுவது எந்தத் தசை, அது எங்கே போய்ப் பிடித்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: அவன் எறிகிற அதே வலக்கையின் முழங்கை உட்புறத்தில்.

காரணம் தானாகவே வெளியில் வந்தது. மச்சான்மார் பெருமையாகப் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்கள். மத்தியானம் இவனைப் பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய், கையில் கிரிக்கெட் பந்தைக் கொடுத்து, "எல்லையில இருந்து விக்கெட்டுக்கு எறிஞ்சு காட்டு பாப்பம்" என்று கேட்டிருக்கிறார்கள். இவனும் ரோசத்தில், கையைச் சூடாக்காமல், தன் பந்தைவிடப் பாரமான பந்தை, ஜீன்ஸோடு நின்றபடி திருப்பித் திருப்பி எறிந்திருக்கிறான். ஒவ்வொரு எறிக்கும் பின்னால் "அம்மாடியோவ்" என்று கைதட்டல். உலகத்தில் வேறு எந்தப் பேஸ்பால்காரனுக்கும் இப்படி ஒரு ஆபத்து வந்திருக்காது. சொந்தக்காரர் எல்லாரும் கிரிக்கெட் பைத்தியமாக இருந்தால் வருகிற வினை இது.

சபையில் வைத்து ஒன்றும் கேட்கவில்லை. காலையில் அவனே கோச்சிடம் சொல்லுவான் என்று நம்பினேன். ஆறு சொல்லக் கூச்சப்படாதவன் மூன்று சொல்லக் கூச்சப்படுவானா?

சனிக்கிழமை காலை கோச் வந்தார். "இன்று எத்தனை?"

"ஒன்பது" என்றான் குகன். கையை மடக்கிக்கூடப் பார்க்கவில்லை.

கோச்சின் முகம் மலர்ந்துவிட்டது, தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிலுக்குக் கூப்பிட்டேன். சும்மா அமுக்குவதுபோல் முழங்கையின் உட்பக்கத்தில் பெருவிரலை வைத்தேன். பல்லைக் கடித்தான். சுற்றிவர அமெரிக்கர், எங்களுக்குத் தமிழ் இருந்தது வசதியாகப் போயிற்று.

"இதுவோ ஒன்பது?"

"அன்ரி, பிளீஸ். சத்தம் போடாதேங்கோ."

"விசரே உனக்கு? உந்தக் கையோட முழு வேகத்தில எறிஞ்சா உள்ளுக்கு இருக்கிற நார் அறுந்துபோகும். பேந்து வெட்டித் தைச்சு, ஒரு வருசத்துக்கு மேல வீட்டில இருக்கோணும். உன்ர வயசில ஆர் உன்னைத் திரும்ப எடுக்கிறது?"

"தெரியும்."

"தெரிஞ்சுமோ?"

 மெதுவாகச் சொன்னான். "அம்மா ஒருநாளும் நான் எறியிறதை நேரில பாக்கேல்லை அன்ரி. சின்னனில அவவுக்குச் சனி ஞாயிறெல்லாம் வேலை. பிறகு எத்தினையோ தரம் கூப்பிட்டனான், ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு சாட்டுச் சொல்லுவா. இப்பதான் வந்திருக்கிறா. அடுத்த வருசம் நான் விளையாடுவனோ தெரியாது. ஒரு சின்ன நேரம், எண்ணி எடுத்தா பத்துப் பதினைஞ்சு பந்து. அதுக்கு மட்டும் இந்தக் கை தாங்கினாக் காணும்."

முழங்கையிலிருந்து பெருவிரலை எடுத்துவிட்டேன்.  என் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வேன் என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த யோசனை எங்கள் தொழிலில் ஆகாது, அதையும் சொல்லி வைக்கிறேன்.

கோச் அறையின் மறுகோடியில்தான் நின்றார். போய்ச் சொன்னால் விஷயம் அத்தோடு முடியும். கை தப்பும். ஆனால் இத்தனை வருடம் தன் வாயால் உண்மை சொல்லி வந்தவனின் வாயை நான் அன்றைக்கு மூடிவிடுவேன். அடுத்த முறை நொந்தால் எங்களிடமிருந்துதான் முதலில் ஒளிப்பான். அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற இளசுகளும் ஒளிக்கும். சொல்லாமல் விட்டாலோ, அந்த நார் அறுகிற சத்தத்தை நான் ஆயுளுக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"கேள்" என்றேன். "உனக்கு ஆட்டத்தில வேலை வரக் கனநேரம் இருக்கு. அதுக்குள்ள நீயே அவரிட்டச் சொல்லோணும். நான் உனக்குப் பக்கத்திலதான் இருப்பன். நீ கையில பந்தை எடுத்தியெண்டா, எடுத்த உடனை நான் சொல்லுவன். எல்லாருக்கும் முன்னால, கத்திச் சொல்லுவன். என்ர குரலைப் பற்றி மோர்டனில கேட்டுப் பார்."

இதுதான் சரியான நடைமுறை என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள், மார்க் போகும். விதி என்னவோ நேரே போய்ச் சொல் என்றுதான் சொல்லும். பந்தை எறிய விடமாட்டேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அதை யார் வாயால் சொல்வது என்பதில்தான் அவனுக்கு அவகாசம் கொடுத்தேன்.

மைதானம் நிரம்பி வழிந்தது. பின்னால் இறங்கப்போகிற எறிகாரர் காத்திருக்க, ஓரத்தில் வேலியடைத்த ஒரு இடம் உண்டு. அங்கே உட்கார ஒரு நீள வாங்கு, சுவரில் ஒரு டெலிபோன். தலைமைப் பயிற்சியாளர் அதில் அழைத்தால் யாராவது எழுந்து கையைச் சூடாக்க வேண்டும். நான் கோச்சிடம் கேட்டு, வாங்கின் நுனியில் போய்க் குந்திக்கொண்டேன். நேரே எதிரில் எங்கள் சனம். வாசலில் பையைச் சோதித்தவர்களையும் ஏமாற்றி மட்டன் ரோல்ஸ் உள்ளே வந்திருந்தது. என் வீட்டுக்காரரும் அவர்களோடு கூடிவிட்டார். ஒன்றும் விளங்காமல் எல்லாவற்றுக்கும் கைதட்டினார்கள். நடுவில் அந்தச் சிவப்புச் சீலை.

ஆட்டம் போய்க்கொண்டே இருந்தது. குகன் சொல்லவில்லை. நான் அவனைப் பார்த்தால் அவன் புல்லைப் பார்த்தான். எனக்குக் கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். எங்கள் அணி ஒரே ஒரு ஓட்டத்தால் முன்னுக்கு நின்றது. அதாவது அவனுக்கென்றே செய்து வைத்ததுபோன்ற நேரம்.

டெலிபோன் அடித்தது.

கோச் எடுத்துக் கேட்டு, வைத்து, திரும்பி "பரம்" என்றார். அங்கே அவனுக்கு அதுதான் பெயர். அவன் எழுந்து மேலங்கியைக் கழற்றினான். எதிர்ப் பக்கத்தில் அவன் எழும்பியதைக் கண்டுவிட்டார்கள். "குகன்! குகன்!" என்று செவன் கிங்ஸ் முழுக்கக் கத்தியது. கூடையில் பந்து இருந்தது. அவன் கை அதை நோக்கிப் போனது. நானும் எழுந்துவிட்டேன், வாயையும் திறந்துவிட்டேன்.

கை கூடைக்கு மேலே நின்றது. பிறகு அவன் அதை இழுத்து, ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தான்.

"கோச், நான் காலையில் பொய் சொன்னேன்" என்றான் ஆங்கிலத்தில். "இன்று மூன்று."

கோச் மெல்லுவதை நிறுத்தினார். "மூன்றா?"

"மூன்று."

அவ்வளவுதான். ஏன், எப்போது, எப்படி என்று ஒரு கேள்வி இல்லை. பக்கத்தில் இருந்த இளம் எறிகாரனைப் பார்த்து "நீ எழும்பு" என்றார். ஆட்டத்தின் மிக இறுக்கமான நேரத்தில், ஆயிரக்கணக்கான சனத்துக்கு நடுவில், அவன் மூன்று என்றால் மூன்றுதான் என்று அந்த மனிதர் எடுத்துக்கொண்டார். எத்தனையோ காலைகளில் வெட்கப்படாமல் ஆறு சொன்னதற்குக் கிடைத்த மரியாதை அது. நீங்கள் என்னிடம் கேட்கிற ரகசியம் என்று ஒன்று இருந்தால் அதை நான் அந்த வாங்கடியில்தான் கண்டேன்.

கதையில் என்றால் அந்த இளம் எறிகாரன் வென்று கொடுத்திருப்பான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எறிந்த வேகத்திலேயே அவன் பந்தை எதிரணி விளாசித் தள்ளியது, ஆட்டம் கைவிட்டுப் போனது. குகன் வாங்கில் இருந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான். முடிந்த பிறகு அணியின் டாக்டர் முழங்கையைப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார்கள். தசையில் சின்னக் கிழிவு, நார் தப்பிவிட்டது, சில கிழமை ஓய்வு போதும் என்றார். அன்றைக்கே குகன் பரமலிங்கத்தின் பெயர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் காயப்பட்டோர் பட்டியலில் ஏறியது. பட்டம் போய்விட்டது. கை இருந்தது. அந்தக் கையால் அவன் அடுத்த வருடமும் எறிந்தான், அதற்கடுத்த வருடமும் எறிந்தான்.

ஆனால் அன்று பின்னேரம் அவனுக்கு அதெல்லாம் ஆறுதலாக இருக்கவில்லை. கையில் கட்டோடு வெளியில் வந்தபோது சொந்தக்காரர் முழுப்பேரும் வாசலில் நின்றார்கள். சின்னம்மாவுக்கு முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்னடா, எழும்பின நீ, பிறகு ஏன் இருந்தனி? இவ்வளவு சனமும் உன்னைப் பாக்கவெல்லோ வந்தது!"

அவன் யாரையும் பார்க்கவில்லை. நேரே தாயிடம் போனான். "மன்னிச்சிடுங்கோ அம்மா. நீங்க இவ்வளவு தூரம் வந்தும் நான் எறியேல்லை" என்றான். அவ்வளவு பெரிய உருவம், குரல் உடைந்துபோயிற்று.

தாய் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தா. "சரியா நோகுதோ?"

"இல்லை. கொஞ்சம்."

"நீயாச் சொன்னனியோ, இல்லாட்டி அவையள் கண்டுபிடிச்சவையோ?"

"நானாத்தான் சொன்னனான்."

"அப்ப என்னத்துக்கு அழுறாய்?" என்றா. அதுவரை கதைக்காமல் இருந்த மனுசி, எல்லாருக்கும் கேட்கத்தான் கதைத்தா. "ரி.வி.யில நீ எறிய வந்தாலே நான் எழும்பி அறைக்குள்ள போயிடுவன். அந்தக் கை சுத்துற சுத்தைப் பாக்க என்னாலை ஏலாது, எங்கை கழண்டு விழுந்திடுமோ எண்டு பயம். அதுதான் இவ்வளவு நாளும் சாட்டுச் சொல்லிச் சொல்லி வராமல் நிண்டனான். இண்டைக்கும் நீ வந்தா பாத்ரூமுக்குப் போயிடுறது எண்டு கரைச் சீட்டாப் பாத்து இருக்க நினைச்சனான், இவள் தங்கச்சிதான் என்னை இழுத்து நடுவில இருத்திப்போட்டாள். நல்ல வேளை நீ வரேல்லை. முழு விளையாட்டும் கண்ணை மூடாமல் பாத்தனான் மோனை."

அவன் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றான். "எப்பிடி இருந்தது அம்மா?"

"நல்லாத்தான் இருந்தது. நீ வாங்கில இருந்தது எனக்கு வடிவாத் தெரிஞ்சது."